ஒட்ட வேண்டிய இரண்டு சுவர்கள்

மெலிந்த உடம்புக்காரர் ஒருவரைப் படுக்க வைத்து, அவருடைய இரைப்பையில் காற்றை நிரப்பினால், வயிற்றுத் தோலுக்கும் இரைப்பைக்கும் இடையே இருக்கும் தொலைவு சில சென்டிமீட்டர்தான். தோல், கொஞ்சம் கொழுப்பு, தசை, ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு அடுத்தது இரைப்பை. வாயால் சாப்பிட முடியாதவருக்கு இந்தக் குறுக்கு வழியில் ஒரு குழாயைச் செருகிச் சோறூட்டலாமே என்ற யோசனை ரொம்பப் பழையது. நார்வே நாட்டு ராணுவ மருத்துவர் கிறிஸ்டியன் எகெபெர்க் 1837 இலேயே இதைச் சொல்லிவிட்டார். 1849 இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சார்ல் செடியோ என்ற அறுவை மருத்துவர் செய்தும் பார்த்தார். நோயாளி இறந்துபோனார். அடுத்த கால் நூற்றாண்டில் முயன்ற மற்றவர்களுக்கும் அதே கதிதான். 1875 இல் லண்டனில் சிட்னி ஜோன்ஸ் அறுவை செய்த நோயாளி 40 நாள் உயிரோடு இருந்தார். அந்த 40 நாளை மருத்துவ வரலாறு முதல் வெற்றி என்று குறித்துவைத்திருக்கிறது.

சில சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க ஏன் இத்தனை சாவு? துளை போடுவதில் சிக்கல் இல்லை. துளை போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல். இரைப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருக்கும் உறுப்பு அல்ல. வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் இரைப்பையின் வெளிப்புறத்தையும் பெரிட்டோனியம் என்ற வழுவழுப்பான சவ்வு மூடியிருக்கிறது. இரண்டு பரப்புகளுக்கும் நடுவே சிறிதளவு திரவம். சாப்பிட்டால் இரைப்பை விரிகிறது, காலியானால் சுருங்குகிறது, மூச்சு விட்டால் மேலும் கீழும் நகர்கிறது. இவ்வளவு அசைவுக்கும் இடம் கொடுக்கத்தான் அந்த வழுக்கல். வெளியிலிருந்து குத்திக் குழாயைச் செருகியதும் இரைப்பை பின்வாங்கி நகர்ந்துவிட்டால், அதன் துளை வழியே அமிலமும் கஞ்சியும் வயிற்றறைக்குள் ஒழுகும். நுண்ணுயிர்க் கொல்லிகள் இல்லாத காலத்தில் அது கிட்டத்தட்ட மரண தண்டனை. இன்றைக்கும் அவசர அறுவை தேவைப்படும் ஆபத்து அது. ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கருவிகளையும் ஒரே கேள்வியோடு பார்க்கலாம்: இந்த இரண்டு சுவர்களும் தாமாக ஒட்டிக்கொள்ளும் வரை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது எப்படி?

ஒட்டினால் என்ன ஆகும் என்பதைத் துப்பாக்கி விபத்து ஒன்று முன்னமே காட்டியிருந்தது. ஹூரான் ஏரியில் மெக்கினாக் என்றொரு தீவு. அங்கே அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடையில் 1822 ஜூன் 6 அன்று, மிக அருகிலிருந்து வெடித்த துப்பாக்கியின் குண்டு அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகோட்டியின் இடப் பக்கத்தைக் கிழித்தது. விலா எலும்பு உடைந்தது, இரைப்பையில் துளை விழுந்தது, காலையில் சாப்பிட்டது வெளியே வந்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே மருந்து போட்டார் கோட்டை மருத்துவர் வில்லியம் போமான்ட். முதல் இரண்டு வாரத்துக்கு மேல், விழுங்கியது எதுவும் உள்ளே தங்கவில்லை. ஆசனவாய் வழியே ஊட்டத் திரவம் செலுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு காயத்தின் விளிம்பும் இரைப்பையின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி ஆறின. ஓட்டை மூடவும் இல்லை, வயிற்றறைக்குள் எதுவும் கசியவும் இல்லை. போமான்ட் அந்த ஓட்டைக்குள் பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை இறக்கியும், இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தும், 238 பரிசோதனைகளை 1833 இல் நூலாக வெளியிட்டார். ஜீரணம் ஒரு வேதிவினை என்பதற்கு அது பெரிய சான்று. சென்ட் மார்ட்டினுக்கு இந்தப் பரிசோதனைகளில் விருப்பம் குறைவு. நடுநடுவே கனடாவுக்குப் போய்விடுவார். கூலியாளையே பரிசோதனைப் பொருளாக்கிய அந்த உறவு இன்று படிக்கும்போது உறுத்துகிறது. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய தகவல் வேறொன்று: அவர் 1880 வரை வாழ்ந்தார். வயிற்றில் திறந்த துளையோடு 58 ஆண்டுகள்.

அதற்கு மறு ஆண்டு, 1881 ஜூலையில், அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். சாப்பிட்டது வயிற்றில் தங்காமல் போனபோது, அவருடைய மருத்துவர்கள் போமான்ட் 60 ஆண்டுக்கு முன் செய்ததையே செய்தார்கள்: மாட்டிறைச்சிச் சாற்றையும் முட்டையையும் ஆசனவாய் வழியே செலுத்தினார்கள். பெருங்குடலால் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்ச முடியும், புரதத்தை அப்படி உறிஞ்ச முடியாது. செப்டம்பரில் அவர் இறக்கும்போது எலும்பும் தோலுமாக இருந்தார். கொன்றது காயத்தின் சீழ்தான் என்றாலும், ஒரு நாட்டின் அதிபருக்கே உணவு செலுத்த ஒழுங்கான வழி இல்லாத காலம் அது.

மூக்கு வழி பிற்பாடு வந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்லும் ரைல்ஸ் டியூப், ஜான் ஆல்ஃப்ரெட் ரைல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1921 இல் விவரித்த குழாயின் வழிவந்தது. இரைப்பை நீரைச் சோதனைக்கு எடுப்பதற்காக அவர் அதை உருவாக்கினார். ஊட்டம் கொடுப்பது பின்னால் சேர்ந்த வேலை. சில நாளுக்கு, ஏன், சில வாரத்துக்கும் அது நல்ல கருவி. மயக்க மருந்து வேண்டாம், கீறல் வேண்டாம், செவிலியரே போட்டுவிடலாம். மாதக் கணக்கில் போகும்போதுதான் தொல்லை. மூக்கின் உட்புறம் புண்ணாகும், தொண்டை உறுத்தும், தூக்கத்தில் நோயாளி பிடுங்கிப் போடுவார், மறுபடி போட வேண்டும், மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தெருவில் இறங்கினால் எல்லோர் கண்ணும் முகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியில்தான் இருக்கும். நான்கு வாரத்துக்கு மேல் குழாய் உணவு தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்று வழியை யோசியுங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு வழிகாட்டுகிறது.

அந்த வயிற்று வழியை 19 ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அறுவை மருத்துவர்கள் ஓரளவு பாதுகாப்பாக்கிவிட்டார்கள். 1876 இல் பாரிஸில் வெர்னெய் வெள்ளிக் கம்பியால் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார். 1894 இல் ஸ்டாம் சொன்ன தையல் முறையை இன்றும் அறுவை அரங்குகளில் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே நம் கேள்விக்குத் தையலால் சொன்ன பதில்கள். ஆனால் தைக்க வேண்டுமானால் வயிற்றைத் திறக்க வேண்டும், திறக்க முழு மயக்கம் வேண்டும். பட்டினியால் தேய்ந்துபோன ஒருவரால் அதைத் தாங்குவது கடினம். குழாய் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித் தேய்ந்தவர்கள்தான்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1979 இல் குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் கௌடரரும் எண்டோஸ்கோப்பி நிபுணர் ஜெஃப்ரி போன்ஸ்கியும் வயிற்றைத் திறக்காமல் ஒரு குழந்தைக்குக் குழாய் போட்டார்கள். வாய் வழியே எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் இறக்கி விளக்கை ஏற்றுவது, அறையை இருட்டாக்கி வயிற்றுத் தோலில் வெளிச்சம் தெரியும் இடத்தில் ஊசி குத்துவது, ஊசி வழியே நூலைவிட்டு அதை வாய் வழியே வெளியே எடுப்பது, குழாயை நூலில் கட்டி வாயிலிருந்து வயிறு வரை இழுத்து வெளியே கொண்டுவருவது. குழாயின் உள்முனையில் இருக்கும் அகலமான தட்டு இரைப்பையை வயிற்றுச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும். தையலின் வேலையைத் தட்டு எடுத்துக்கொண்டது. 1980 இல் அவர்கள் கட்டுரை வெளியிட்ட பிறகு பெக் என்ற இந்த முறை உலகமெங்கும் பரவியது.

பெக் முறைக்கு வாய் வேண்டும். வாயில், தொண்டையில், உணவுக்குழாயில் எண்டோஸ்கோப் நுழைய இடம் வேண்டும். புற்றுக்கட்டி வழியை அடைத்திருந்தால்? வாயை ஒரு விரல் அகலம்கூடத் திறக்க முடியாவிட்டால்? மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் நிலையில் நோயாளி இருந்தால்? இந்தக் கேள்விகளோடு கதை எக்ஸ்ரே அறைக்குள் வருகிறது.

அந்த அறை அதற்குள் நிறையக் கற்றுக்கொண்டிருந்தது. 1953 இல் ஸ்வீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் ஓர் எளிய வரிசையை எழுதிவைத்திருந்தார்: ஊசியைக் குத்து, ஊசிக்குள் வளையும் கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயை ஏற்று. ரத்தக்குழாய்க்காக எழுதிய வரிசை அது. 1964 இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்ல்ஸ் டாட்டர் அதே வழியில் அடைபட்ட கால் ரத்தக்குழாயை உள்ளிருந்தே விரித்தார். படம் எடுத்துத் தருகிறவராக மட்டும் இருந்த கதிரியல் மருத்துவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சிகிச்சை செய்கிறவராக மாறியது இந்தக் கால்நூற்றாண்டில்தான். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று துறைக்குப் பெயரும் வந்தது. 1981 இல் கனடாவின் கால்கரியிலிருந்து ராபர்ட் பிரெஷா என்ற அறுவை மருத்துவர், எண்டோஸ்கோப் இல்லாமல் எக்ஸ்ரே திரையைப் பார்த்தே இரைப்பைக் குழாய் போட்டதை வெளியிட்டார். 1983 இல் டொராண்டோவின் ஹோ உட்படப் பல கதிரியல் மருத்துவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதினார்கள்.

எக்ஸ்ரே திரையில் சும்மா இருக்கும் இரைப்பை தெரியாது. தசை, கல்லீரல், குடல் சுவர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு எக்ஸ்ரேயைத் தடுப்பதால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இங்கே கைகொடுப்பது உலகிலேயே மலிவான பொருள், காற்று. காற்று எக்ஸ்ரேயை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. மூக்கு வழியே மெல்லிய குழாயை இறக்கிக் காற்றை ஏற்றினால் இரைப்பையின் வடிவம் திரையில் தனித்துத் தெரியும். அதைவிட முக்கியமான மாற்றம் உள்ளே நடக்கிறது. காலியான இரைப்பை இடப் பக்க விலா எலும்புகளின் அடியில் பதுங்கியிருக்கும். காற்று நிரம்ப நிரம்ப அது கீழே இறங்கி முன்னால் வந்து, வழியில் கிடக்கும் பெருங்குடலைக் கீழே தள்ளிவிட்டு, வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் வந்து சாயும். பார்வைக்கு வெளிச்சம், பயணத்துக்குப் பாதை, ஒட்டுவதற்கு நெருக்கம், மூன்றையும் ஒரே காற்று தருகிறது. இந்தச் செயல்முறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

மூக்குக் குழாயும் நுழையாத அளவுக்கு அடைப்பு இருந்தால், ரத்தக்குழாய்க்குள் போகும் மெல்லிய கதீட்டரையும் கம்பியையும் திரையைப் பார்த்துக்கொண்டே அடைப்பினூடே நெளித்து உள்ளே கொண்டுபோகிறார்கள். கதிரியல் அறைக்கு இதில் கைப்பழக்கம் அதிகம். எண்டோஸ்கோப் போகாத இடத்தில் 2 மி.மீ.க்கும் குறைந்த கதீட்டர் போய்விடும்.

ஏற்பாடுகள் முதல் நாளே தொடங்கும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிறார்கள். தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். சில மருத்துவமனைகளில் முந்தின இரவே கொஞ்சம் பேரியத்தைக் கொடுத்துவிடுவார்கள். காலைக்குள் அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, இங்கே குத்தாதே என்று திரையில் வெள்ளையாகக் காட்டும். அல்ட்ராசவுண்ட் வைத்துக் கல்லீரலின் இட மடலின் ஓரத்தைத் தோலில் பேனாவால் வரைவார்கள். காற்று ஏற்றியதும் இரைப்பை அதைச் சிறுகுடலுக்குத் தள்ளிவிடப் பார்க்கும். குளூக்ககான் அல்லது ஹயோசின் ஊசி போட்டால் இரைப்பையின் அசைவு சில நிமிடம் ஓய்ந்து காற்று தங்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் வேலையின் கடினமான பகுதி முடிய வேண்டும்.

குத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உடற்கூறு அறிவு முழுவதும் வந்துவிடுகிறது. இடப் பக்க விலா விளிம்புக்குக் கீழே, ஆனால் அதை ஒட்டி அல்ல. ஒட்டிப் போட்டால் குனியும்போதெல்லாம் குழாய் எலும்பில் இடித்து வலிக்கும். வயிற்று நேர்த்தசைக்குள் மேலிருந்து கீழாக ஒரு தமனி ஓடுகிறது, அதை விட்டு விலக வேண்டும். இரைப்பையின் இரண்டு வளைவு ஓரங்களிலும் தமனிகள் உண்டு, ஆகவே இரண்டுக்கும் நடுவே முன்சுவரில் குத்த வேண்டும். திரையில் தெரிவது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அதனால் சி வடிவ எக்ஸ்ரே கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, தோலுக்கும் இரைப்பைக்கும் நடுவே பெருங்குடலின் வளைவு எதுவும் இல்லையே என்று உறுதி செய்துகொள்கிறார்கள். இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து வேறு கோணம் தேட வேண்டும், அல்லது அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டும்.

தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசியைச் செலுத்தும்போது திரையில் இரைப்பையின் முன்சுவர் உள்வாங்குவது தெரியும். காற்று நன்றாக நிரம்பியிருந்தால் ஒரு சட்டென்ற தள்ளலில் ஊசி உள்ளே போய்விடும். காற்று குறைவாக இருந்தால் சுவர் பின்வாங்கிக்கொண்டே போகும், அவசரப்பட்டால் பின்சுவரையும் துளைத்துவிடலாம். உள்ளேதான் இருக்கிறோமா என்று பார்க்க அயோடின் கலந்த திரவத்தைச் சில துளி விடுகிறார்கள். இரைப்பையின் உட்சுவர் மடிப்புகளில் அது வழிந்து கோடு கோடாக இறங்கினால் சரி. குடல்களின் வெளிப்புறத்தைச் சுற்றிப் படர்ந்தால் ஊசி இடம் தவறிவிட்டது என்று பொருள்.

இப்போது ஒட்டும் கேள்விக்கு வருவோம். 1986 இல் பாஸ்டனில் பிரவுன், முல்லர், ஃபெருச்சி ஆகியோரும், தனியாகக் கான்ஸ்டன்டின் கோப்பும் இதற்கு மிகச் சிறிய ஒரு கருவியை விவரித்தார்கள். நைலான் நூலின் முனையில் கட்டிய ஒரு குட்டி உலோகக் கம்பி, நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஊசிக்குள் அது நெட்டுவாக்கில் படுத்திருக்கும். இரைப்பைக்குள் தள்ளப்பட்டதும் குறுக்கே திரும்பிவிடும். வெளியிலிருந்து நூலை இழுத்தால் குறுக்கே நின்ற கம்பி இரைப்பைச் சுவரை வயிற்றுச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். நூலைத் தோலின் மேல் ஒரு பொத்தானால் பூட்டிவிடுவார்கள். இப்படி இரண்டு, மூன்று, சிலர் நான்கு. இதற்குப் பெயர் டி-ஃபாஸ்ட்னர். வெர்னெய் வயிற்றைத் திறந்து வெள்ளிக் கம்பியால் செய்ததை இது ஊசித் துளைக்குள்ளேயே முடிக்கிறது. இது அவசியமா என்பதில் இத்துறைக்குள் வெகுநாள் விவாதம் நடந்தது. இல்லாமலே நூற்றுக்கணக்கில் போட்டு நன்றாக வந்தவர்கள் உண்டு. என் வாசிப்பில், குழாய் முதல் வாரத்திலேயே தவறி வெளியே வந்த நோயாளியை ஒருமுறை பார்த்த மருத்துவர் அதன் பிறகு இந்த விவாதத்தில் கலந்துகொள்வதில்லை.

இந்த டி-ஃபாஸ்ட்னர் நங்கூரங்களுக்கு நடுவே இன்னொரு ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் துளையை விரிக்கும், படிப்படியாகப் பருத்த டைலேட்டர்கள், கடைசியில் உரித்தெடுக்கக்கூடிய ஓர் உறைக்குள் வைத்துக் குழாய். எல்லாம் செல்டிங்கர் எழுதிய அதே வரிசை. குழாயின் உள்முனையில் சுருண்டு பூட்டிக்கொள்ளும் வளையம் இருக்கும், அல்லது சிறு பலூன் இருக்கும். பலூனில் காய்ச்சி வடித்த தூய நீரை நிரப்புகிறார்கள். உப்புநீர் கூடாது, உப்பு படிந்து வால்வை அடைத்துவிடும். சிக்கல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை. அது நடக்கும்போது நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கவும் முடியும்.

எந்த முறை மேல்? 1995 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 5,680 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. குழாய் வெற்றிகரமாகப் போடப்பட்டது கதிரியல் முறையில் 99.2 சதவீதம், எண்டோஸ்கோப் முறையில் 95.7 சதவீதம். பெரிய சிக்கல்கள் கதிரியல் முறையில் 5.9, எண்டோஸ்கோப்பில் 9.4, அறுவையில் 19.9 சதவீதம். கதிரியல் மருத்துவர்கள் இந்த எண்களை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆய்வை முன்னின்று எழுதியவர்களும் கதிரியல்காரர்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதல்ல, அறுவைக்குப் போனவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர்கள். அன்றிலிருந்து எல்லா முறைகளும் மேம்பட்டுவிட்டன. எண்களைவிட, யாருக்கு எந்த முறை என்று கேட்பது பயனுள்ளது.

வாய், தொண்டைப் புற்று நோயாளிகளுக்குக் கதிரியல் முறை இயல்பாகவே பொருந்துகிறது. பெக் முறையில் குழாயின் தட்டு கட்டியை உரசிக்கொண்டு வயிற்றுக்கு இறங்குகிறது. அந்த வழியே புற்றணுக்கள் வயிற்றுத் துளைக்கு வந்து அங்கே வளர்ந்த நோயாளிகள், மிக அரிதாக, பதிவாகியிருக்கிறார்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்தே குழாயைச் செருகும்போது அந்த உரசல் இல்லை, வாயின் கிருமிகளும் உடன் வருவதில்லை. இந்திய ஆண்களிடம் மிக அதிகம் காணப்படும் புற்று வாய்ப்புற்று என்பதால் இது நமக்கு நெருங்கிய விஷயம். கதிர்வீச்சு சிகிச்சையின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகி எச்சில் விழுங்குவதே வேதனையாகும் கட்டத்தில் இந்தக் குழாய் எடையைக் காப்பாற்றுகிறது. குழாய் இருக்கிறதே என்று விழுங்குவதை அடியோடு நிறுத்திவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். வேலையில்லாத விழுங்கு தசைகள் விரைவில் வலுவிழக்கும், திரும்பப் பெறுவது கடினம்.

ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இன்னொரு களம். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று எல்லாத் தசைகளும் படிப்படியாகத் தளர்ந்துபோகும். விழுங்க முடியாமல் போகும் காலமும் மூச்சு தளரும் காலமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். தூக்க மருந்து குறைவாகத் தேவைப்படும் கதிரியல் முறை இவர்களுக்கு நல்லது என்று நீண்ட காலம் நம்பினார்கள். பிரிட்டனில் 24 மையங்களில் 330 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியான புரோகாஸ் ஆய்வில், முதல் 30 நாள் இறப்பு எந்த முறையிலும் 3 முதல் 5 சதவீதத்துக்குள்தான் இருந்தது. வேறுபாட்டைக் காட்டியது எடை. நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்தபின் குழாய் போட்டுக்கொண்டவர்கள் விரைவில் இறந்தார்கள். 5 சதவீதம் குறைந்ததுமே பேச்சைத் தொடங்குங்கள் என்றார்கள் ஆய்வாளர்கள். இன்னும் வாயால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் வயிற்றில் குழாய் என்று சொல்வது எளிதல்ல. தள்ளிப்போட எல்லோருக்கும் காரணம் கிடைக்கும்.

பக்கவாதத்தில் நிலைமை தலைகீழ். எடின்பரோவிலிருந்து நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஃபுட் ஆய்வில், பக்கவாதம் வந்த சில நாளிலேயே வயிற்றுக் குழாய் போட்டவர்களைவிட மூக்குக் குழாயோடு இருந்தவர்களே ஓரளவு நன்றாக மீண்டார்கள். பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் விழுங்கும் திறன் திரும்பிவிடுகிறது, பொறுத்துப் பார்ப்பதே நல்லது. முற்றிய மறதி நோயில் கேள்வி இன்னும் கடுமையானது. வயிற்றுக் குழாய் அவர்களுடைய ஆயுளைக் கூட்டியதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுத்ததாகவோ, படுக்கைப் புண்ணைக் குறைத்ததாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் குழாயைப் பரிந்துரைக்காமல், பொறுமையாகக் கையால் ஊட்டச் சொல்கிறது. அம்மா சாப்பிடாமல் கிடக்கும்போது ஏதாவது செய்யுங்கள் என்று கேட்காத பிள்ளைகள் உண்டா? அரை மணி நேர வேலைதானே என்பது சரிதான். அரை மணி நேரத்தில் முடியும் என்பதாலேயே தேவையில்லாதவர்களுக்கும் போடப்படுகிறது என்பது என் எண்ணம்.

குழாய் போட்டபின் முதல் 72 மணி நேரம் கவனம் அதிகம் வேண்டும். உணவு விடும்போது வலி, குழாயைச் சுற்றி இரைப்பை நீர்க் கசிவு, புது ரத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஊட்டத்தை நிறுத்த வேண்டும் என்று பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2010 இல் எச்சரித்தது. ஒட்ட வேண்டிய இடம் ஒட்டவில்லை என்பதன் அறிகுறிகள் அவை.

வீட்டுக்கு வந்தபின் பிரச்சினை வேறு வகை. மருத்துவக் குழாய்களை ஃபிரெஞ்சு அளவில் சொல்வார்கள். 19 ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கருவித் தயாரிப்பாளர் ஷாரியேர் வகுத்த அளவு அது, ஒரு ஃபிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மி.மீ. 14 ஃபிரெஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் 4.7 மி.மீ. சுவரின் கனத்தையும் பலூனுக்கான தனிப் பாதையையும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது குறைவு. ஒரு குழாயில் குறிப்பிட்ட நேரத்தில் ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. உள்சுவரில் படிவு சேர்ந்து ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகக் குறையும். நம் வீடுகளில் ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊற்றுவார்கள். ஆறினால் இறுகும் கஞ்சி இந்தக் கணக்குக்கு எதிரி. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் பெரும்பாலான அடைப்புகள் வராது. அடைத்துவிட்டால் கோலா ஊற்று என்று சொல்பவர்கள் உண்டு. அதிலுள்ள அமிலம் பால் புரதத்தை மேலும் திரியவைக்கலாம், வெந்நீரே மேல். மாத்திரைகளை இடித்துப் போடும்முன் மருந்தாளரைக் கேட்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் சேரும்.

பலூன் குழாய்களை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை பலூனில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், பலூன் சுருங்கி ஒரு ராத்திரி குழாய் கையோடு வந்துவிடும். அப்போது என்ன செய்வது என்பது, குழாய் போட்டு எத்தனை வாரம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. காது குத்திய குழந்தைக்கு முதல் சில நாளில் தோட்டைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும், ஆறிய பிறகு கழற்றி மாட்டலாம். வயிற்றுத் துளையும் அப்படித்தான், ஒரே வேறுபாடு, இங்கே தவறினால் ஆபத்து. நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டு சுவர்களும் ஒட்டிப் பாதை உறுதிப்படும். நலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இன்னும் தாமதமாகலாம். அதற்கு முன் குழாய் வெளியே வந்தால் வீட்டிலோ வார்டிலோ யாரும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் செருகக் கூடாது. குழாயின் முனை இரைப்பைக்குள் போகாமல் வயிற்றறைக்குள் போய்விடலாம். எதையும் ஊட்டாமல், போட்ட மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். பாதை உறுதிப்பட்ட பிறகு வெளியே வந்தாலும் சும்மா விட்டால் சில மணி நேரத்திலேயே அது சுருங்கத் தொடங்கும். அதனால் கிடைத்த ஃபோலி கதீட்டரை மெதுவாக உள்ளே வைத்துப் பாதையைத் திறந்துவைக்கிறார்கள், சிறுநீர்க் குழாய்தான் என்றாலும் அந்த நேரத்துக்கு அது போதும். மறுநாள் காலை எக்ஸ்ரே அறையில் அதன் வழியே கம்பியை விட்டு, புதுக் குழாயை ஏற்றி, அயோடின் திரவத்தில் கொஞ்சம் செலுத்திப் பார்ப்பார்கள். மடிப்புகள் கோடு கோடாகத் தெரிந்தால் மதியக் கஞ்சியைத் தொடங்கலாம்.